பெரி மாமா எண்ணிய பத்து



இது கொஞ்சம் நீளமான பதிவு. தைப்பூச வேலை தலைக்கு மேல கெடக்கும்போது உட்கார்ந்து இவ்வளவு எழுதணுமான்னு வீட்டுல கேட்டாங்க. எழுதித்தான் ஆகணும். நேரம் இருக்கிறவங்க இப்போ படிங்க, இல்லாதவங்க பூசம் முடிஞ்சு படிங்க.

போன வாரம் நம்ம தொண்டர் குழுவுல ஒரு பழைய படம் போட்டேன். மேல் மண்டபத்துக்குப் போற படிக்கட்டு. கீழ்ப்படியில ஒரு பெரியவர், தோள்ல நீலக்கோடு போட்ட துண்டு, வலது கையை நீட்டி ஒரு குடும்பத்தை நிறுத்திக்கிட்டு இருக்கார். புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் கேட்டார், "அண்ணே, யார் இந்த ஜாகா?" கேட்டதுல தப்பு இல்ல, அவர் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. ஆனா அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடல. ஏன்னா அந்தப் படம் எடுத்த அன்னைக்கு நானும் ஏறக்குறைய அதே மாதிரிதான் அவரைப் பார்த்தேன்.

அவர் பேரை எழுத வேண்டாம்னு அத்தை கேட்டுக்கிட்டாங்க. "அவருக்கே அது பிடிக்காதுப்பா, மாமான்னே எழுது" என்றார்கள். பழைய ஆட்களுக்குப் பேர் தேவையும் இல்லை. பெரி மாமான்னா போதும். பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவுல ஓடின பெரியில முப்பத்தைந்து வருஷம் வேலை செய்தவர். என் பையன் சின்னதா இருக்கும்போது "பெரிய மாமா"ன்னுதான் நினைச்சிருந்தான். ஆளு அஞ்சடி மூணு அங்குலம்தான், ஏம்ப்பா பெரிய மாமான்னு கூப்பிடுறாங்கன்னு என்னைக் கேட்டிருக்கான். மாமாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் சிரிச்சார்.

மாமா பிறந்தது பிறையில், 1953ல். அவங்க அப்பாவுக்கு ரயில்வேயில கூலி வேலை. அப்போ ரயில் பிறையோடு முடிந்துவிடும். பட்டர்வொர்த் ஸ்டேஷன் வந்ததெல்லாம் 1967ல்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, தைப்பூசத்துக்கு, அவங்க அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பெரி ஏறி இந்தப் பக்கம் வந்து தண்ணீர்மலைக்கு நடந்தே போவாங்களாம். "எனக்குச் சாமின்னா முதல்ல பெரிதான் ஞாபகம் வரும் தம்பி. பெரி ஏறினா சாமி பாக்கப் போறோம்னு அர்த்தம்." இருபது வயசுல அதே பெரியில வேலை கிடைச்சப்போ அவங்க அம்மா அழுதிருக்காங்க. முருகன் தினம் தினம் கூப்பிடுறான்னு சொன்னாங்களாம். மாமாவுக்குக் கிடைச்ச வேலை என்னமோ கயிறு இழுக்கிறதும், வண்டி அடுக்குறதும், உப்புத்தண்ணி பட்ட இரும்பைக் கழுவுறதும்தான்.

இளம் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பெரி எப்படி இருக்கும்னு தெரியாது. ரெண்டு தட்டு. கீழ்த்தட்டுல கார், லோரி, மோட்டார். மேல்தட்டுல ஆட்கள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தீவோட பேர் இருக்கும், பூலாவ் ரிமாவ், பூலாவ் உண்டான், பூலாவ் அங்சான்னு. பட்டர்வொர்த்துல இருந்து வரும்போது மட்டும் காசு, இங்கேயிருந்து போகும்போது இலவசம். கடைசி வருஷங்கள்ல ஆளுக்கு 1 வெள்ளி 20 காசு. தீவுக்கு வர்றதுக்குத்தான் விலை, விட்டுட்டுப் போறதுக்கு விலையே இல்லைன்னு மாமா கிண்டல் பண்ணுவார். 1985ல் பாலம் திறக்குற வரைக்கும் வண்டி ஏத்திக்கிட்டு தீவுக்கு வர பெரியை விட்டா வேற வழி இல்லை. தீபாவளி, சீனப் பெருநாள், ஹரி ராயான்னா அந்தப் பக்கம் வண்டி மணிக்கணக்கா வரிசை நிற்கும். எல்லாரும் பண்டிகை கொண்டாடப் போகும்போது மாமா அவங்க வண்டியை அடுக்கிக்கிட்டு இருப்பார். அத்தை இன்னைக்கும் சொல்வாங்க, கல்யாணம் ஆகி முதல் பன்னிரண்டு தீபாவளியில அவர் வீட்டுல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சது மூணே மூணுதான்னு. அத்தை அதையெல்லாம் கணக்கு வெச்சிருப்பாங்க.

கல்யாணத்துக்குப் பிறகு ஆயர் ஈத்தாம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்கு வந்துட்டாங்க. அந்த வீடு எவ்வளவு சின்னதுன்னு உள்ளே போனவங்களுக்குத் தெரியும். அதுல ரெண்டு பேரு, மூணு பொண்ணுங்க, ஊர்ல இருந்து வந்து பத்து வருஷம் தங்கின மாமாவோட அம்மா. அத்தை விடியக்காலையில இடியாப்பம் பிழிஞ்சு கீழே கோப்பிக் கடை ஓரமா வெச்சு விப்பாங்க. மாமாவுக்குக் காலை ஷிப்ட்டா இருந்தா மூணரைக்கு எழுந்து தேங்காய் துருவிக் கொடுத்துட்டு வேலைக்குப் போவார். ராத்திரி ஷிப்ட்டா இருந்தா வேலை முடிஞ்சு வந்து, சட்டையைக் கூட மாத்தாம, பிள்ளைங்களுக்குத் தலை சீவி விடுவார்.

இதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும். மூணு பொண்ணுங்களுக்கும் சடை பின்னி விட்டது மாமாதான், அத்தை இல்ல. அத்தை இடியாப்பக் கூடையோட கீழே இருப்பாங்க. தமிழ்ப்பள்ளியில அந்தப் பிள்ளைங்க சடை மாதிரி இறுக்கமான சடை யாருக்கும் இருக்காதாம், சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி பிரியாதாம். டீச்சரே கேட்டிருக்காங்க, உங்க அம்மா எப்படிப் பின்றாங்கன்னு. பெரிய பொண்ணு, "எங்கப்பா பின்னினது டீச்சர், பெரி கட்டுற மாதிரி" என்றதாம். நான் இதைப் பத்தி மாமாகிட்ட கேட்டப்போ, கயிறு முறுக்கத் தெரிஞ்சவனுக்குச் சடை பின்னத் தெரியாதா, இதுல என்னடா அதிசயம்னு சொல்லிட்டு அடுத்த அண்டாவைத் தேய்க்கப் போயிட்டார். அவருக்கு அவரைப் பத்திப் பேசுறது பிடிக்காது. பேச்சை மாத்த எப்பவும் கையில ஒரு அண்டா இருக்கும்.

மூணு பேரும் நல்லாப் படிச்சாங்க. ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் பள்ளியில, கடைசிப் பொண்ணு இப்போ வெளிநாட்டுல. அதுக்கு மேல எழுதுனா என்னைத் திட்டுவாங்க.

நம்ம கோயிலுக்கு மாமா எப்போ வந்தார்னு யாருக்கும் சரியாத் தெரியலை. நான் பதினாறு வயசுப் பையனா தேங்காய் சீவ வந்தப்பவே அவர் இருந்தார். லீவு நாள்னா கோயில். ஷிப்ட் முடிஞ்சாலும் கோயில். சமையல்கட்டுல சாம்பாருக்குத் தண்ணி அளவு சொல்றது, வாழை இலை துடைக்கிறது, ரதம் வர்ற அன்னைக்கு ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தல்ல மோர் கலக்குறது. சீன பக்தர்கள் தேங்காய் உடைக்க லோரியில மூட்டை மூட்டையா கொண்டு வருவாங்க இல்லையா, அவங்களோட ஹொக்கியன்ல பேசி, எங்கே அடுக்கணும், ரதம் எத்தனை மணிக்குத் திரும்பும்னு சொல்றது எல்லாம் மாமாதான். நம்மள்ல பாதிப் பேர் ஹொக்கியன் பேசுவோம், ஆனா அவர் பேசினா அந்தக் கிழவிகளே திரும்பிப் பார்ப்பாங்க. கீழ்வீட்டுச் சீன ஆச்சிகிட்ட கத்துக்கிட்டதாம்.

எல்லா வேலையும் செய்வார். ஆனா அன்னதானத்தன்னைக்கு மட்டும் ஒரே ஒரு வேலைதான். மேல் மண்டபத்துப் படிக்கட்டுல நின்னுக்குவார். யாரும் அவரை நிக்கச் சொல்லல. அவரே நின்னார். பத்துப் பேரை விடுவார். கையை நீட்டி நிறுத்துவார். மேல இருந்து ஆள் இறங்கணும், படி காலியாகணும், அப்புறம்தான் அடுத்த பத்து. "மெதுவா... மெதுவாம்மா. சோறு எங்கேயும் ஓடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு..." வாய்விட்டு எண்ணுவார். சின்னப் பிள்ளைங்க கூடச் சேர்ந்து எண்ணும். கைக்குழந்தையையும் ஒரு ஆளாத்தான் கணக்குல சேர்ப்பார். அதுக்கே சில பேரு சண்டை போட்டிருக்காங்க.

படத்துல இருக்கிற அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். வருஷம் 2015. அன்னதானப் பொறுப்பு முதல் தடவையா என் கைக்கு வந்த வருஷம். வெயில் கொளுத்துது. வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்குப் போயிடுச்சு. வயசானவங்க நிற்க முடியாம சுவத்துல சாயுறாங்க. மேல மண்டபத்துல பார்த்தா பாதிப் பாய் காலி. கீழே மாமா பத்துப் பத்தா எண்ணிக்கிட்டு இருக்கார். அன்னைக்கு அரிசி மூட்டை முழுக்கக் கொடுத்த குடும்பம் ஒண்ணு, பாட்டி, பேரன் எல்லாருமா பதினாலு பேர் வந்தாங்க. மாமா பத்துப் பேரை விட்டுட்டு நாலு பேரை நிறுத்திட்டார். அந்த வீட்டுப் பெரியவருக்கு முகம் சுண்டிப்போச்சு. கமிட்டியில ஒருத்தர் என் காதுல வந்து, "உன் பொறுப்புல நடக்குற லட்சணமா இது?"ன்னு கேட்டார்.

நான் படியிறங்கி வந்தேன். அத்தனை பேர் பார்க்க, சத்தமா சொன்னேன்: "மாமா, இது பெரி இல்ல. கோயில். விடுங்க எல்லாரையும்."

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அது நல்ல பேச்சுன்னு எனக்கே அப்போ ஒரு பெருமை.

மாமா என்னைப் பார்த்தார். கோபம் இல்ல. கையைக் கீழே இறக்கினார். மேலே ஒரு தடவை, மண்டபத்தோட அடிப்பக்கத்தைப் பார்த்தார். தோள்ல இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுட்டுப் பின்னால பாத்திரம் கழுவுற இடத்துக்குப் போயிட்டார். அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தார். அதுக்கப்புறம் எட்டு வருஷம், எந்த அன்னதானத்துலயும் அவர் படிக்கட்டுக்கு வரல. அண்டா, குண்டான், கரண்டி. நானும் பரவாயில்ல, வயசாச்சு, உட்கார்ந்து செய்யுற வேலை அவருக்கு நல்லதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பேச்சுவார்த்தை எல்லாம் எப்பவும் போலத்தான். பசியாறிட்டியான்னு கேட்காம என்னை ஒரு நாளும் விட்டதில்ல. அந்தப் பேச்சை மட்டும் அவரும் எடுக்கல, நானும் எடுக்கல.

2020 டிசம்பர் 31ஆம் தேதி பழைய பெரிகளோட ஓட்டம் நின்னுச்சு. ஞாபகம் இருக்கும், கோவிட் காலத்துலயும் கடைசி ஓட்டத்துக்கு ஜனங்க கூடிட்டாங்க, படம் பிடிக்க, பிள்ளைகளுக்குக் காட்ட. நான் மாமாவுக்கு போன் போட்டேன், கூட்டிக்கிட்டுப் போறேன் வாங்கன்னு. வரமாட்டேன்னுட்டார். கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னு ஒரே வார்த்தை. நாலு வாரத்துல தைப்பூசம், அந்த வருஷம் இங்கே ரதமும் புறப்படல. நம்ம கோயிலும் மூடித்தான் கெடந்துச்சு. மாமா தினம் காலையில வந்து வெளிக்கேட்டுல ஒரு சூடம் வெச்சுட்டுப் போனதை ஐயர் பார்த்திருக்கார்.

2023 ஆகஸ்ட்ல புதுப் பெரிகள் வந்துச்சு. தெலுக் பகாங், தெலுக் கும்பார்னு பேர் போட்டு, குளுகுளு அறை எல்லாம் வெச்சு. கார் ஏத்த முடியாது. ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும்தான். அந்த முதல் மாசம் இலவசம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமாவே கூப்பிட்டார். "தம்பி, கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து ஒரு தடவை போயிட்டு வருவமா?" சர்க்கரையில கால் ரொம்ப மோசமாயிருந்த நேரம். என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெல்ட் கீ பக்கம், ராஜா துன் ஊடா படகுத்துறையில ஏறினார்.

உள்ளே உட்காரமாட்டேன்னுட்டார். வெளியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "மெதுவாத்தான் போறான், பரவாயில்ல"ன்னு ஓட்டுறவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். பாதித் தண்ணி தாண்டினதும் பட்டர்வொர்த் கரையைக் காட்டி, அங்கதான்னார். எனக்குப் புரியல. என்ன மாமான்னு கேட்டேன்.

1988, ஜூலை 31. ஞாயித்துக்கிழமை. நம்ம வயசுக்காரங்களுக்குத் தெரியும். சின்னவங்களுக்காகச் சொல்றேன். புக்கிட் மெர்த்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத்துத் திருவிழாவும், சீனர்களோட குவான் யின் விழாவும் சேர்ந்து வந்த நேரம். பட்டர்வொர்த்துல சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையில ஜனங்க ஆயிரக்கணக்குல காத்துக்கிட்டு இருந்தாங்க. பெரிக்குப் போற மேல்நடைபாதை அந்தக் கூட்டத்தோட பாரம் தாங்காம இடிஞ்சு கீழே விழுந்துச்சு. 32 பேர் இறந்துபோனாங்க. காயம்பட்டவங்க ஆயிரத்துக்கும் மேல.

மாமா அன்னைக்கு அந்தக் கரையில வேலையில இருந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். அதிகம் சொல்லல. "நான் பெரி வந்து மோதிருச்சுன்னு நெனச்சேன்டா. அந்த மாதிரி சத்தம். திரும்பிப் பாத்தா புழுதி. ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம்தான் அழுகைச் சத்தம். கயிறு போடுற கைதான, இழுத்தோம். மலாய்க்காரன், சீனன், நம்மாளு எல்லாரும் இழுத்தோம். செருப்பு... அவ்வளவு செருப்பு கெடந்துச்சு தம்பி. ஒரு பொண்ணு, நம்ம பெரியவ வயசு இருக்கும். கம்பிக்கு அடியில இருந்து கை மட்டும் வெளிய. என் விரலைப் பிடிச்சுக்கிச்சு. அவங்க வந்து எடுக்குற வரைக்கும் விடல. எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொழைச்சுதா இல்லையான்னு தெரியாது. சடை போட்டிருந்துச்சு."

அதுக்கப்புறம் கரை வர்ற வரைக்கும் எதுவும் பேசல. அந்தப் பக்கம் இறங்கி ஆளுக்கு ஒரு கோப்பி குடிச்சோம். நான்தான் கேட்டேன், அன்னைக்கு ஏன் மாமா என்கிட்ட இதைச் சொல்லலைன்னு. எந்த அன்னைக்குன்னு அவர் கேட்கல. அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

"சொல்லி? வரிசையில நிக்கிறவங்களுக்குச் சோறு வேணும், கதையா வேணும்? நீ சொன்னதும் சரிதானடா. பெரி இல்லதான் அது."

"மாமா..."

"கோப்பி ஆறுது, குடி."

நான் மன்னிப்புக் கேட்டேனான்னு கேட்டா, வாயைத் திறந்து கேட்கல. கேட்டிருக்கணும். திரும்பி வர்ற பெரியில அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தைகிட்ட பிறகு பேசினேன். அவங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் முழுக்க ராத்திரியில எழுந்து உட்கார்ந்து எண்ணுவாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்து வந்ததும் மறுபடி ஒண்ணு. எதை எண்ணுறார்னு அத்தை கேட்டதில்ல. பக்கத்துல உட்கார்ந்து விசிறுவாங்களாம். பள்ளிக்கூடக் கலைநிகழ்ச்சி மேல்மாடி மண்டபத்துலன்னா பிள்ளைகளை அனுப்பமாட்டாராம். நடுப்பொண்ணு ஒரு தடவை அதுக்காக ரெண்டு நாள் சாப்பிடாம அடம்பிடிச்சிருக்கு. காரணம் என்னன்னு மூணு பேருக்கும் அவர் சொன்னதே இல்ல. அப்பாவுக்குக் கூட்டம் பிடிக்காது, அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். தங்கச்சிக்கு ஐம்பதை நெருங்குற வயசுல, என் வாயால கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. போன்ல ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அதான் சடையை அவ்வளவு இறுக்கிப் போட்டுவிட்டாரா அண்ணே?"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. விபத்துக்கு முன்னாலயும் அவர் இறுக்கித்தான் பின்னியிருப்பார்னு நினைக்கிறேன். ஆனா நான் எதுவும் சொல்லல.

2024 தைப்பூச அன்னதானத்துக்கு நான் கீழ்ப்படிக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டேன். வீட்டுக்குப் போய் மாமாவைக் கூட்டிக்கிட்டு வந்து அதுல உட்கார வெச்சேன். யாருக்கும் எந்த விளக்கமும் கொடுக்கல. அவரும் கேட்கல. நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டைத் தோள்ல சரி பண்ணிக்கிட்டார். நான் கையை நீட்டி நிறுத்தினேன், அவர் எண்ணினார். அன்னைக்கும் வரிசை ரோட்டுக்குப் போச்சு. ரெண்டு பேர் என்னைத் திட்டினாங்க. ஒருத்தர் முகநூல்ல வேற எழுதினார். கடைசிப் பந்தி முடிய மூணரை ஆயிடுச்சு. மாமா, "குரல் போச்சுடா"ன்னு சொல்லி ரெண்டு டம்ளர் மோர் குடிச்சார்.

2025 தைப்பூசத்துக்கு அவரால வர முடியல. ஆஸ்பத்திரியில இருந்தார். ரதம் கிளம்புற சத்தத்தைக் கேட்கணும்னு கேட்டதால, விடியறதுக்கு முன்னால வீடியோவுல கூப்பிட்டு நாதஸ்வரத்தைக் காட்டினேன். படம் தெளிவா இல்ல. பரவால்ல, காது நல்லாத்தான் இருக்குன்னார். பங்குனியில போயிட்டார்.

பத்து லஞ்சாங் மயானத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். கோயில் ஆட்கள் வருவாங்கன்னு தெரியும். பெரியில கூட வேலை செய்த மலாய்க்காரப் பெரியவங்க எட்டுப் பேர் வந்திருந்தாங்க. எல்லாரும் எழுபது தாண்டினவங்க, ஒரே வேன்ல. அதுல ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மலாய்ல சொன்னார், உங்க மாமா கடைசி வண்டி இறங்குற வரைக்கும் கயிறை அவிழ்க்கவே மாட்டார், கேப்டன் கத்தினாலும் அவிழ்க்கமாட்டார்னு. அடுக்குமாடி கோப்பிக் கடைச் சீனப் பெரியவர், அத்தை இடியாப்பம் விற்ற கடைதான், அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு வந்துட்டார். சீனப் பெருநாளுக்குக் கூட ரெண்டு நாள்தான் சாத்துவார். மூணு பொண்ணுங்களும் தலையைப் பின்னிப் போட்டு வந்திருந்தாங்க. யார் யாருக்குப் பின்னிவிட்டாங்கன்னு தெரியல. நான் அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வெளியில போய் நின்னுட்டேன்.

இப்போ இந்த வருஷத்து விஷயத்துக்கு வர்றேன்.

பிப்ரவரி 1, ஞாயித்துக்கிழமை தைப்பூசம். அதுக்கு முதல் நாள் சனிக்கிழமை, ரதம் புறப்படுற அன்னைக்கு, நம்ம அன்னதானம். கீழ் மண்டபத்துல வேலை நடக்குறதால எல்லாப் பந்தியும் மேல் மண்டபத்துலதான். போன மாசக் கூட்டத்துல ஒரு யோசனை வந்துச்சு, மேல நாற்காலியை எடுத்துட்டா ஒரே நேரத்துல இருநூறு பேர் உட்காரலாம், ரெண்டு மணிக்குள்ள முடிச்சுடலாம்னு. நான் ஒத்துக்கல. கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன், அதுக்கு வருத்தம். ஆனா சொன்னதை மாத்திக்கல. அந்தத் தளம் எவ்வளவு பாரம் தாங்கும்னு ஒரு பொறியாளரை வெச்சுப் பார்த்துட்டு, அவர் எழுத்துல கொடுக்குற எண்ணிக்கைதான் கணக்குன்னு கடைசியில எல்லாரும் சேர்ந்தே முடிவு பண்ணியிருக்கோம். தலைவரும் முழு மனசோட சம்மதிச்சார். அவர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார், அறிக்கை இந்த வாரம் வரும். அதுவரைக்கும் ஒரு பந்திக்கு அறுபது பேருக்கு மேல கிடையாது.

அதனால வரிசை நீளும். ரோட்டுக்கும் போகும். நிழலுக்குக் கூடாரம் ரெண்டு போடுறோம், வயசானவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நாற்காலி இருக்கும், உட்கார்ந்தே வரிசையில வரலாம். காத்திருக்குறவங்களுக்கு மோரும் சுண்டலும் கையில வந்துடும். படிக்கட்டுல உங்களை ஒருத்தர் கையை நீட்டி நிறுத்துவார். "யார் இந்த ஜாகா?"ன்னு கேட்ட அதே தம்பிதான். அவரே வந்து, அண்ணே, அந்த இடத்துல நான் நிக்கிறேன்னு கேட்டார். பத்துப் பேர் ஏறுவாங்க, படி காலியாகும், அடுத்த பத்து. நீங்க எவ்வளவு பெரிய உபயதாரரா இருந்தாலும், பதினாலு பேர் குடும்பமா வந்தாலும், இதுதான். கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். கோபம் வந்தா அவரைத் திட்டாதீங்க, அவர் சின்னப் பையன். என்னைத் திட்டுங்க, நான் பக்கத்துலயே நிற்பேன்.

அத்தை வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்த நாற்காலி அவங்களுக்கு.

இன்னொண்ணு. சனிக்கிழமை காலை ஏழு மணியில இருந்து பாத்திரம் கழுவ இன்னும் ஆறு பேர் வேணும். பெரிய அண்டா நாலு, சின்னது ஒன்பது. எட்டு வருஷமா அந்த வேலையை ஒருத்தரே இழுத்துப் போட்டுச் செய்துக்கிட்டு இருந்ததால, எத்தனை ஆள் தேவைப்படும்னு எங்களுக்கே இந்த வருஷம்தான் தெரிஞ்சுது. வர முடிஞ்சவங்க கீழே பேரைப் போடுங்க. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வாங்க, அந்த இடம் வழுக்கும்.